கல்லூரி மாணவரும் கஞ்சாவும்

ஒரு தீய பழக்கம் பரவுவதற்கு அப்பொருள் எளிதிற் கிடைப்பதே காரணம் என்று கருதுவோர் பலர். பொருளைத் தடுத்தால் பழக்கம் மறையும், பொருள் பெருகினால் பழக்கமும் பெருகும் என்பது அவர்கள் போடும் கணக்கு. இக்கணக்கிலே உண்மை இல்லாமலில்லை. ஆயினும், ஐக்கிய அமெரிக்க நாட்டுக் கல்லூரி மாணவரிடையே கஞ்சாப் பழக்கம் ஏறியும் இறங்கியும் வந்த வரலாற்றை நோக்குவோருக்கு, இக்கணக்கில் அடங்காத வேறொன்றும் அங்கே தொழிற்பட்டமை புலனாகும். அதுவே மாணவரின் எண்ணம். இப்பொருளால் எவ்வளவு கேடு விளையும்? தோழர்களுள் எத்தனை பேர் இதனைப் பயன்படுத்துகிறார்கள்? இவ்விரு வினாக்களுக்கும் மாணவன் உள்ளத்தில் எவ்விடை இருக்கிறதோ, அதுவே அவன் கையை நீட்டவும் மடக்கவும் செய்கிறது. அவ்விடைகளுள் ஒன்று காலத்துக்குக் காலம் மாறி வந்தது. மற்றையது பெரும்பாலும் பிழையாகவே இருந்து வந்துள்ளது.

அமெரிக்காவிலே சர்வகலாசாலைகளும் மக்கள் கருத்தை ஆராயும் நிறுவனங்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக மாணவரை வினாவி, அவர் தந்த விடைகளை முறையாகத் தொகுத்து வந்திருக்கின்றன. பெயர் வெளிவராது என்ற உறுதியின்பேரில் அளிக்கப்பட்ட விடைகள் அவை. ஆதலின் இவ்விடயத்தில் ஊகத்தை விட்டு எண்ணைக் கொண்டு பேச இயலுகிறது. பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பும் எந்நாட்டுப் பெற்றோருக்கும் இவ்வரலாறு பயன்படுவது அதனாலேயே.

கஞ்சா புதிய பொருளன்று. செடியும் அதன் பெயரும் ஆசியாவுக்கு உரியவை. வடமொழியிலும் தமிழிலும் வழங்கும் அப்பெயர் ஆங்கிலத்திலும் ஏறியுள்ளது. சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் அதனை மருந்துச் சரக்குகளுள் ஒன்றாக அறிந்திருந்தனர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில், 1893ஆம் ஆண்டிலே இந்தியாவில் அமைக்கப்பட்ட ஓர் ஆணைக்குழு, அதன் பயிர்ச்செய்கை, விற்பனை, விளையும் கேடு ஆகியவற்றை விசாரித்துப் பல பாகங்கள் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. இலங்கையிலே 1929ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் அதனைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. அமெரிக்காவிலோ அது மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்த தொழிலாளரோடும், தென்பகுதி நகரங்களின் ஜாஸ் இசைஞரோடும் இணைத்துப் பேசப்பட்டது. மரிகுவானா என்ற பெயர் அவ்வாறு வழங்கலாயிற்று.

செடியிலுள்ள எப்பொருள் மயக்கத்தைத் தருகிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1964ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு இரசாயன அறிஞரான ரபாயேல் மெச்சூலம், எஹியேல் காவோனி என்னும் இருவர் அதனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்து அதன் அமைப்பை வரையறுத்தனர். தெற்றாஹைட்ரோகன்னபினோல் என்பது அதன் நீண்ட பெயர். இப்பொருள் மூளையில் எவ்விடத்தைப் பற்றுகிறது என்பது 1988ஆம் ஆண்டில் அறியப்பட்டது. பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல இது சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையின் பல பகுதிகளிலே செறிந்துள்ளன. மனிதன் கஞ்சாவுக்காக இப்பூட்டுக்களைப் பெற்றிருக்க முடியாதன்றோ? உடலே சுரக்கும் திறவுகோல் ஒன்று இருத்தல் வேண்டும் எனத் தேடிய ஆராய்ச்சியாளர் 1992ஆம் ஆண்டில் அதனையும் கண்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் அனந்தமைட் என்பது. ஆனந்தம் என்னும் வடசொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இவ்வேற்பிகள் நினைவு, கவனம், காலவுணர்வு, பசி, உடலசைவு ஆகியவற்றை ஒழுங்கு செய்யும் பகுதிகளில் மிகுதியாக உள்ளன. புதியதொன்றை மனத்திற் பதிய வைக்கும் பகுதியும் அவற்றுள் ஒன்று. கஞ்சாப் புகையை உட்கொண்டவனுக்கு ஐந்து நிமிடம் அரைமணி போலத் தோன்றுவதும், பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சின் தொடக்கம் மறந்து போவதும், பசி மிகுவதும் இதன் விளைவுகளே. படிப்பைத் தொழிலாகக் கொண்ட மாணவனுக்கு இச்செய்தி முதன்மையானது. எக்கருவியைக் கொண்டு அவன் உழைக்கிறானோ, அக்கருவியையே இப்பொருள் தொடுகிறது.

1950ஆம் ஆண்டுகள் வரை அமெரிக்கக் கல்லூரிகளிலே கஞ்சா அருமையாகவே காணப்பட்டது. 1937ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அதன் விற்பனையை ஏறத்தாழ முற்றாகத் தடுத்திருந்தது. அச்சட்டத்துக்கு முந்திய ஆண்டிலே, பிள்ளைகளை எச்சரிக்கும் நோக்கத்துடன் ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டது. கஞ்சாவைத் தொட்ட இளைஞர் கொலை, தற்கொலை, பைத்தியம் ஆகியவற்றை நோக்கி விரைந்தோடுவதாகக் காட்டிய படம் அது. அப்படத்துக்கு நேர்ந்த கதி பின்னர்ச் சொல்லப்படும்.

அக்காலத்திலே சிக்காகோ நகரில் சமூகவியல் பயின்ற ஹவார்ட் பெக்கர் என்பவர், தாமே ஜாஸ் பியானோ வாசித்தவர், கஞ்சா புகைப்போர் ஐம்பதின்மரிடம் விரிவாகப் பேசி, 1953ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். குற்றம் புரியும் இயல்போ மனக்கோளாறோ உடையவனே கஞ்சாவை நாடுகிறான் என்பது அந்நாளைய பொதுக் கருத்து. பெக்கர் கண்டதோ வேறு. புதியவன் மூன்று பாடங்களைக் கற்ற பின்னரே கஞ்சாப் புகைப்பவன் ஆகிறான் என்றார் அவர். புகையை உள்ளிழுத்து நிறுத்தும் முறை முதற் பாடம். உடலில் நேரும் மாற்றங்களைக் கஞ்சாவின் விளைவு என்று அறிந்துகொள்ளுதல் இரண்டாம் பாடம். தலைசுற்றல், தாகம், தடுமாற்றம் ஆகியவற்றை இன்பமென எண்ணப் பழகுதல் மூன்றாம் பாடம். இம்மூன்றையும் அவனுக்குக் கற்பிப்போர் அவனுடைய தோழரே.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1968ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரிலே அன்ட்ரூ வைல், நோர்மன் சின்பேர்க் என்னும் ஆராய்ச்சியாளர் நடத்திய சோதனையும் இதனோடு ஒத்துச் சென்றது. முன்னொருபோதும் கஞ்சாவைத் தொடாத ஒன்பது இளைஞருக்குச் சோதனைச்சாலையில் அது அளிக்கப்பட்டது. அவர்களுடைய செயற்றிறன் குறைந்தது. ஆயினும் அவருட் பெரும்பாலோர் பெருஞ்சுகம் எதனையும் உணரவில்லை. பழகியவரோ சுகம் கண்டதாகக் கூறினர். கேடு தானாகவே வருகிறது, இன்பத்தையோ தோழரிடம் கற்க வேண்டியிருக்கிறது என்று இவ்வாராய்ச்சிகளைச் சுருக்கிச் சொல்லலாம். மாணவர் விடுதியைப் போலத் தோழமை செறிந்த இடம் வேறில்லை. கஞ்சா அங்கே நுழைந்தபின் விரைவாகப் பரவியதன் காரணம் இதனால் விளங்கும்.

அது பரவிய வேகத்தை எண்கள் காட்டுகின்றன. கலப் நிறுவனம் அமெரிக்கக் கல்லூரி மாணவரை வினாவியபோது, ஒரு தடவையேனும் கஞ்சாவைப் பயன்படுத்தியோர் 1967ஆம் ஆண்டில் நூற்றுக்கு 5 பேராயிருந்தனர். 1969இல் அத்தொகை 22 ஆயிற்று. 1970இல் 42. 1971இல் 51. நான்கே ஆண்டுகளில், சிலரின் இரகசியமாயிருந்த ஒன்று பாதிப் பேரின் அனுபவமாகிவிட்டது. அக்காலம் வியட்நாம் யுத்தத்தின் காலம். கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்படும் வயதினர் கல்லூரிகளிலே நிறைந்திருந்தனர். யுத்தத்தைப் பற்றி அரசாங்கம் கூறியவற்றை நம்பாத மாணவர், கஞ்சாவைப் பற்றி அதே அரசாங்கம் கூறியவற்றையும் நம்ப மறுத்தனர். புகைச்சுருட்டைக் கையில் எடுத்தல் பலருக்கு இன்ப நுகர்ச்சியாக மட்டும் இருக்கவில்லை. அதிகாரத்தை மறுப்பதற்கு அடையாளமாகவும் இருந்தது.

1936ஆம் ஆண்டின் எச்சரிக்கைப் படம் மீண்டும் வெளிவந்தது இச்சூழ்நிலையிலேதான். 1972ஆம் ஆண்டில், கஞ்சாச் சட்டங்களைத் தளர்த்தக் கோரிய ஓர் இயக்கத்தின் தலைவர் அப்படத்தின் பிரதியொன்றை வாங்கிக் கல்லூரிகள் தோறும் திரையிட்டார். மாணவர் கூட்டங் கூட்டமாக வந்து பார்த்தனர், பார்த்துச் சிரித்தனர். அச்சுறுத்த எடுத்த படம் நகைச்சுவைப் படமாகியது. அச்சிரிப்புக்குள் ஒரு தீங்கு மறைந்திருந்தது. கஞ்சா புகைத்த தோழன் எவனும் கொலைகாரன் ஆகவில்லை என்பதை நேரிற் கண்ட மாணவன், மிகைப்படுத்திய பொய்யோடு சேர்த்து அளவான உண்மையையும் தள்ளிவிட்டான். ஆசிரியரும் வைத்தியரும் பின்னர் உண்மையைக் கூறியபோதும், பழைய படத்தின் குரலாகவே அது அவன் காதில் விழுந்தது.

சட்டமும் அக்காலத்தில் இரு திசைகளில் இழுபட்டது. 1970ஆம் ஆண்டின் மத்திய அரசாங்கச் சட்டம் கஞ்சாவை ஹெரோயினோடு ஒரே அட்டவணையிற் சேர்த்து மிகக் கடுமையான வகுப்பில் வைத்தது. அவ்வாண்டுச் சட்டத்தின்படியே நியமிக்கப்பட்ட தேசிய ஆணைக்குழு, 1972இல் வெளியிட்ட அறிக்கையிலே, தன் உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருப்பவனைக் குற்றவாளியாக்குதல் தகாது என்று சிபாரிசு செய்தது. ஜனாதிபதி நிக்சன் அதனை ஏற்கவில்லை.

1975ஆம் ஆண்டிலே மிச்சிகன் சர்வகலாசாலையார் பெரிய அளவை ஒன்றைத் தொடங்கினர். லொயிட் ஜோன்ஸ்ரன், ஜெரால்ட் பாக்மன், பற்றிக் ஓமாலி ஆகிய அறிஞர் அதனை நடத்தினர். உயர்தரப் பாடசாலையின் இறுதி வகுப்பு மாணவரை நாடெங்கும் ஆண்டு தோறும் வினாவுவதும், அவர்களுட் சிலரைக் கல்லூரியிலும் அதன் பின்னரும் தொடர்ந்து வினாவுவதும் அவர்களின் முறை. அவ்வளவையின்படி, முந்திய பன்னிரண்டு மாதங்களுக்குள் கஞ்சாவைப் பயன்படுத்திய கல்லூரி மாணவர் 1980இல் நூற்றுக்கு 51 பேர். 1991இல் அத்தொகை ஏறத்தாழ 27 ஆகக் குறைந்தது. நாள்தோறும் பயன்படுத்தியோர் அதே காலத்தில் நூற்றுக்கு 7 பேரிலிருந்து 2 பேர் அளவுக்குத் தாழ்ந்தனர்.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது? கஞ்சா கிடையாமற் போயிற்று என்று கூற வழியில்லை. அதே அளவையிலே, கஞ்சாவைப் பெறுவது எளிது என்று கூறிய இறுதி வகுப்பு மாணவர் அக்காலம் முழுவதும் நூற்றுக்கு 80 பேருக்குக் குறையவில்லை. கடை திறந்தேயிருந்தது, வாங்குவோர் பாதியாயினர். மாறியது வேறொன்று. கஞ்சாவை வழக்கமாகப் பயன்படுத்துதல் பெருங்கேடு தரும் என்று கருதிய இறுதி வகுப்பு மாணவர் 1978இல் நூற்றுக்கு 35 பேரே. 1991இல் அவர்கள் 79 பேர். 1978ஆம் ஆண்டளவில் நாள்தோறும் புகைப்போர் வகுப்பறைகளில் மலிந்திருந்தனர். பாடம் கேளாமல், முயற்சி குன்றி, பின்தங்கிக்கொண்டிருந்த அத்தோழர்களை மாணவர் தம் கண்களாலேயே கண்டனர். பத்திரிகைகளும் பாடசாலைகளும் முன்னையிலும் நிதானமான முறையிற் செய்திகளை எடுத்துரைத்தன. பாக்மனும் அவருடைய கூட்டாளிகளும் 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவரின் வாழ்க்கை முறையில் நேர்ந்த மாற்றங்கள் இவ்வீழ்ச்சியை விளக்கப் போதா என்றும், கேட்டைப் பற்றிய எண்ணமும் பழக்கத்தை வெறுக்கும் மனப்பான்மையும் வலுத்தமையே அதனை விளக்குகின்றன என்றும் காட்டினர்.

இவ்விளக்கத்தைப் பின்வந்த காலம் மறுபக்கத்திலிருந்து உறுதி செய்தது. 1990ஆம் ஆண்டுகளின் முற்பகுதி தொடக்கம் கேட்டைப் பற்றிய எண்ணம் மீண்டும் தளர்ந்தது. கலிபோர்ணியா மாநிலம் 1996இல் கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த அனுமதித்தது. மருந்து என்று பெயர் பெற்ற ஒன்று நஞ்சாக இருத்தல் கூடுமோ என்ற எண்ணம் இளைஞரிடையே எழுவது இயல்பு. கொலராடோ, வோஷிங்டன் ஆகிய மாநிலங்கள் 2012இல் வயது வந்தோர் இன்பத்துக்காகவே அதனை வாங்கலாம் என வாக்களித்தன. 2023ஆம் ஆண்டின் முடிவுக்குள் அத்தகைய மாநிலங்கள் 24 ஆயின. 1969ஆம் ஆண்டில் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்ற அமெரிக்கர் நூற்றுக்கு 12 பேர். 2023இல் அவர்கள் 70 பேர். இறுதி வகுப்பு மாணவருள் பெருங்கேட்டை அஞ்சுவோர் நூற்றுக்கு 30 பேர் அளவுக்கு இறங்கினர். அதற்கேற்பப் பழக்கமும் ஏறியது. 2020ஆம் ஆண்டின் மிச்சிகன் அளவையில், ஓராண்டுக்குள் கஞ்சாவைப் பயன்படுத்திய கல்லூரி மாணவர் நூற்றுக்கு 44 பேர். நாள்தோறும் பயன்படுத்தியோர் 8 பேர். மின்சிகரெட்டு போன்ற கருவியால் கஞ்சாவை ஆவியாக்கி உட்கொள்ளும் முறை 2017க்கும் 2018க்கும் இடையில், ஓராண்டுக்குள்ளேயே, மாணவரிடம் இருமடங்காகியது.

கேட்டைப் பற்றிய எண்ணம் இவ்வாறாக, தோழரைப் பற்றிய எண்ணமோ வேறு வகையானது. நியூயோர்க் மாநிலக் கல்லூரியொன்றில் வெஸ்லி பேர்க்கின்ஸ், அலன் பேர்க்கோவிற்ஸ் என்னும் இருவர் மாணவரின் மதுப்பழக்கத்தை ஆராய்ந்து 1986இல் ஒரு புதுமையை வெளியிட்டனர். மாணவர் தம் சக மாணவரின் குடிப்பழக்கத்தை உள்ளதிலும் மிகையாகவே எண்ணிக்கொண்டிருந்தனர். இவ்வாராய்ச்சியைக் கஞ்சாவுக்கும் விரித்தபோது அதே முடிவு கிட்டியது. ஏறத்தாழ 6,000 கல்லூரி மாணவரை வினாவி 2006இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், மூன்றில் இரு பங்கினர் கஞ்சாவைப் பயன்படுத்தாதவர். ஆயினும், மாணவர் பொதுவாக ஆண்டுக்கு ஒரு தடவையேனும் அதனைப் பயன்படுத்துகிறார்கள் என்று நூற்றுக்கு 98 பேர் எண்ணினர். பெரும்பான்மையினர் தம்மைச் சிறுபான்மையினர் என்று கருதி வாழ்ந்திருக்கின்றனர்.

இப்பிழை தோன்றும் வழி அரிதில் அறியத்தக்கதன்று. ஒரு விடுதியில் நூறு மாணவர் இருப்பின், அவர்களுள் நால்வர் மாலையிற் புகைத்தாலும் அதன் வாடை நடைகூடம் முழுவதும் நிற்கும். மறுநாள் அதைப் பற்றியே பேச்சு நடக்கும். அறைக்குள் இருந்து கணக்குச் செய்தவனையோ, நேரத்தோடு உறங்கியவளையோ பற்றி எவரும் கதை சொல்வதில்லை. செய்தவன் கண்ணிற் படுகிறான், செய்யாதவன் படுவதில்லை. திரைப்படங்களும் பாடல்களும் செய்தவனையே மேலும் பெரிதாக்கிக் காட்டுகின்றன. இவ்வாறு, காணப்பட்ட சிலரை வைத்துக் காணப்படாத பலரை மாணவன் அளந்துவிடுகிறான்.

இத்தவறான கணக்கு கணக்கோடு நின்றுவிடுவதில்லை. வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்து, அறிமுகமற்றோரிடையே இடம் தேடும் பதினெட்டு வயதினன், எல்லாரும் செய்வதைத் தான் செய்யாவிடின் தனியனாவேன் என்று அஞ்சுகிறான். சுருட்டு நீட்டப்படும்போது, வேண்டாம் என்று சொல்ல அவன் நா எழுவதில்லை. அவனைச் சூழ்ந்திருப்போருட் சிலரும் அவ்வாறே எண்ணி அஞ்சிக்கொண்டிருக்கலாம். ஒருவர்க்கொருவர் அஞ்சி, ஒருவரும் மனமார விரும்பாத ஒன்றைக் கூட்டமாகச் செய்யும் விந்தை இதனால் நிகழ்கிறது. ஏற்கெனவே மிகுதியாகப் புகைப்பவனுக்கும் இப்பிழை ஓர் ஆறுதலாகிறது. எல்லாரும் இப்படித்தான் என்ற எண்ணம் அவன் தன்னிலையை ஆராயாதபடி தடுத்துவிடுகிறது.

இனி, கேடு உண்மையில் எவ்வளவு என்பதை மிகையும் குறையும் இன்றி நோக்குதல் வேண்டும். நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரில் நடந்தது இதற்குச் சிறந்த சான்று. அந்நாட்டிலே அனுமதி பெற்ற கடைகளிற் கஞ்சா விற்கப்படுகிறது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்நகரக் கடைகள் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி ஆகிய மூன்று நாட்டாரைத் தவிர ஏனையோருக்கு மூடப்பட்டன. ஒரே சர்வகலாசாலையில், ஒரே வகுப்பில், ஒரே பரீட்சையை எழுதும் மாணவருள் ஒரு சாராருக்குக் கடை திறந்தும் மற்றொரு சாராருக்கு மூடியும் இருந்தது. ஒலிவியே மாரி, உல்ப் சோலிற்ஸ் என்னும் பொருளியலாளர் அம்மாணவரின் பரீட்சை முடிவுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டனர். கடை மூடப்பட்ட சாராரிடம் பரீட்சையிற் சித்தியடையும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு உயர்ந்திருந்தது. எண் சார்ந்த பாடங்களில் ஏற்றம் மிகுதி. இளையோரும் படிப்பிற் பின்தங்கியோருமே மிகுந்த பயன் பெற்றனர். பொருள் கிடைப்பதும் ஒரு காரணமே என்பதற்கு இது சான்றாகும். எண்ணமே முழுவதும் என்று கொள்வாரும் இதனை மறத்தலாகாது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அமெலியா ஆரியாவும் துணைவரும் 2004ஆம் ஆண்டில் ஒரு சர்வகலாசாலையிற் சேர்ந்த 1,200க்கு மேற்பட்ட மாணவரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். அங்கே தெரிந்த வழி தெளிவானது. அடிக்கடி புகைத்தவன் வகுப்புக்குச் செல்வதைத் தவறவிடுகிறான். வகுப்பைத் தவறவிட்டவனின் புள்ளிகள் குறைகின்றன. புள்ளிகள் குறைந்தவன் பட்டம் பெறப் பிந்துகிறான். 1936ஆம் ஆண்டின் படம் காட்டிய கொலையும் பைத்தியமும் இங்கே இல்லை. மெல்ல மெல்லக் கை நழுவும் ஓர் எதிர்காலம் இருக்கிறது. பெருவெள்ளம் போல வரும் அழிவை எவரும் கண்டு விலகுவர். கசிவைக் காண்பது கடினம்.

இதனினும் கடிய விளைவுகள் சிலருக்கு நேர்வதுண்டு. கஞ்சாவைத் தொட்டோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பேர் அதற்கு அடிமையாகின்றனர் என்பது அமெரிக்க ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு. பதின்ம வயதில் தொடங்கியவரிடையே அத்தொகை ஏறத்தாழ ஆறில் ஒன்று. விட முயலும்போது உறக்கமின்மை, எரிச்சல், பசியின்மை ஆகியவை தோன்றுதல் உண்டு. சுவீடன் நாட்டிலே இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 45,000 இளைஞரைப் பின்தொடர்ந்து 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தோர்க்கு மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரிலும் ஆறு மடங்காகக் காணப்பட்டது. அந்நோய் அரிதாதலின் ஆறு மடங்கானபோதும் பெரும்பாலோர் அதற்கு ஆளாவதில்லை. குடும்பத்தில் மனநோய் உடையவனுக்கோ அந்த எச்சரிக்கை மிகப் பெரிது. கேட்டின் அளவைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடும் இடங்களும் உண்டு. நியூசிலாந்து நாட்டின் டனிடின் நகரில் நடந்த நீண்ட ஆராய்ச்சி, பதின்ம வயதிற் தொடங்கி நெடுங்காலம் பழகியவர்க்கு அறிவுத்திறன் குறைந்தது என 2012இல் தெரிவித்தது. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியோ அக்குறைவுக்குக் கஞ்சாவே காரணம் என்று கொள்ள இடமில்லை என்றது. இத்தகைய வாதங்களை மறைக்காமற் கூறுதலே மாணவரின் நம்பிக்கையைப் பெறும் வழியாகும்.

இன்றைய கஞ்சா, இன்றைய மாணவரின் தந்தையர் கண்ட கஞ்சா அன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் மயக்கம் தரும் பொருள் 1995இல் நூற்றுக்கு 4 பங்காக இருந்தது. 2014இல் அது 12 பங்கு. ஒரே பெயர், வீரியமோ மும்மடங்கு.

சட்டத்தின் நிலையும் மாணவனைக் குழப்புகிறது. அனுமதித்த மாநிலங்களிலுங்கூட 21 வயது நிரம்பியோரே கஞ்சாவை வாங்கலாம். இளநிலைப் பட்ட மாணவருட் பலர் அவ்வயதை எட்டாதவர். மத்திய அரசாங்கத்தின் பணத்தைப் பெறும் கல்லூரிகள் தம் வளவுக்குள் அதனைத் தடுத்தல் வேண்டும் என 1989ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் பணிக்கிறது. ஆகவே வீதியின் ஒரு பக்கத்தில் உரிமையானது, மறுபக்கத்தில் ஒழுங்கு மீறலாகிறது. 1998ஆம் ஆண்டின் சட்டமொன்று போதைப்பொருட் குற்றத்துக்கு ஆளான மாணவருக்கு அரசாங்கக் கல்வி உதவியை மறுத்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இத்தண்டனை உறைக்கவில்லை. ஏழை மாணவனோ படிப்பையே இழந்தான். அவ்விதி 2006இல் தளர்த்தப்பட்டு, 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது.

அச்சுறுத்தலும் பயன் தரவில்லை, படிப்பைப் பறித்தலும் நீதியாகவில்லை எனின், செய்யத்தக்கது யாது? மாணவன் பிழையாக எண்ணியிருப்பதைத் திருத்துதலே முதலில் வேண்டற்பாலது. சில கல்லூரிகள் தம் மாணவரின் உண்மையான தொகையை எண்ணி வெளியிடுகின்றன. வோஷிங்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், அடிக்கடி புகைக்கும் மாணவனைத் தனியே அழைத்து ஒரு மணி நேரம் உரையாடும் முறையைச் சோதித்தனர். அவன் எவ்வளவு புகைக்கிறான், பிறர் எவ்வளவு புகைப்பதாக அவன் எண்ணுகிறான், உண்மையில் எவ்வளவு, அவன் அடைய விரும்பும் இலட்சியங்கள் எவை, அவற்றுக்கு இது துணையா தடையா என்பவற்றைப் பழிப்பின்றி அவன் முன் வைப்பதே அம்முறை. அடுத்த சில மாதங்களில் அவர்கள் புகைத்த அளவு குறைந்தது. காலஞ் செல்ல அப்பயன் தேய்ந்ததாதலின், ஓருரையாடலோடு முடிந்துவிடும் காரியம் இது அன்று.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இவ்வரலாறு தரும் பாடம் கடினமானதன்று. பிள்ளை கேட்கும்போது பொய்யை மிகைப்படுத்திச் சொன்னால், அவன் ஒரு நாள் அதனைக் கண்டுபிடிப்பான். அன்று முதல் உண்மையையும் கேளான். ஒன்றும் சொல்லாது விட்டால், விடையைத் தோழரிடம் கற்பான், அத்தோழரும் அறியாதவரே. நினைவையும் முயற்சியையும் இது எவ்வாறு குறைக்கிறது என்பதைத் தெரிந்த அளவில் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. நீட்டிய சுருட்டை வேண்டாம் என்று மறுக்கும் மாணவன் அக்கூட்டத்தில் தனியனாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் பெரும்பான்மையினர் அவன் பக்கத்திலேயே நிற்கின்றனர்.